வாய்தா தவறி வாரண்ட் பிறந்தால் விவசாயி செய்ய வேண்டியது என்ன?

டிராக்டரும் டிரெய்லரும் மொபெட்டும் சரக்கு ஆட்டோவும் இன்று ஏரையும் கலப்பையையும் போலப் பண்ணைக் கருவிகளாகவே ஆகிவிட்டன. நெல்லைக் கொள்முதல் நிலையத்திற்கும், கரும்பை ஆலைக்கும், காய்கறியைச் சந்தைக்கும் கொண்டு சேர்ப்பது இவைதாம். ஆனால் வண்டி வரப்பைத் தாண்டித் தார்ச்சாலையில் ஏறியவுடன் மோட்டார் வாகனச் சட்டமும் கூடவே ஏறிக்கொள்கிறது. லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது, டிரெய்லரில் நடவு ஆட்களை ஏற்றி வந்தார், இரவில் பின்விளக்கு எரியவில்லை என்று பல காரணங்களுக்காக விவசாயிகள்மீது வழக்குகள் பதிவாகின்றன.

வழக்கின் வாய்தா நடவு நாளிலோ அறுவடை நாளிலோ வந்து விழுந்தால், பலர் கோர்ட்டை விட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுகின்றனர். நாற்று முற்றினால் தூர் கட்டாது என்பது உண்மையே. ஆனால் தவறிய வாய்தாவுக்கும் ஒரு விளைவு உண்டு. அதுவே வாரண்ட். இது எப்படிப் பிறக்கிறது, பிறந்துவிட்டால் எப்படித் தீர்ப்பது என்பதை ஒவ்வொரு விவசாயியும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

எல்லா அபராதமும் கோர்ட்டு வழக்கு அல்ல

முதலில் கையிலுள்ள காகிதம் எது என்று பார்க்க வேண்டும். சாலையிலேயே அபராதம் கட்டி ரசீது வாங்கிவிட்டால் அந்த விஷயம் பொதுவாக அத்துடன் முடிந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆம் பிரிவு, சிலவகைக் குற்றங்களை இவ்வாறு இணக்கக் கட்டணம் வாங்கித் தீர்க்க அதிகாரிகளுக்கு இடம் தருகிறது. செல்போனுக்கு வரும் ஈ-சலானும் இத்தகையதே. குறித்த காலத்திற்குள் கட்டாவிட்டால்தான் அது நீதிமன்றத்திற்குப் போகும்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுதல், விபத்தில் ஒருவருக்குக் காயம் ஏற்படுத்துதல் போன்றவை நேராக நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திற்குச் செல்லும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய வழக்கும், அபராதம் கட்டப்படாவிட்டால் அங்கேதான் போய்ச் சேரும். நீதிமன்றத்திலிருந்து வரும் சம்மனில் வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், ஆஜராக வேண்டிய தேதி மூன்றும் இருக்கும். சிறைத்தண்டனைக்கு இடமில்லாத சிறு வாகனக் குற்றமானால், வக்கீல் மூலம் ஆஜராகலாம், அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்டு மணியார்டரில் குறிப்பிட்ட தொகையைச் செலுத்தலாம் என்ற வாசகமும் பொதுவாகச் சம்மனில் இருக்கும். இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு தரும் சலுகை. சம்மனை முழுவதும் படிக்காததால் இந்தச் சலுகையை இழப்பவர்கள் பலர்.

வாரண்ட் எப்படிப் பிறக்கிறது?

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டம் நடப்பில் உள்ளது. சம்மன், வாரண்ட், ஜாமீன் ஆகியவற்றுக்கான விதிகள் பெரும்பாலும் பழையபடியே இதில் தொடர்கின்றன. பிரிவு எண்கள் மட்டும் மாறியுள்ளன.

ஆனால் விவசாயக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய மாறுதல் ஒன்று உண்டு. சம்மனுக்கு உரியவர் வீட்டில் இல்லாவிட்டால், முன்பு வீட்டிலுள்ள வயதுவந்த ஆணிடம்தான் அதைக் கொடுக்கலாம். புதிய சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி வயதுவந்த பெண்ணிடம் கொடுத்தாலும் அது செல்லும். ஆள் கிடைக்காவிட்டால் வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிட்டுப் போகவும் 67-ஆம் பிரிவு இடம் தருகிறது. வீட்டிலுள்ள தாயாரோ மனைவியோ கையெழுத்துப் போட்டு வாங்கிக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்த சம்மனும், சட்டத்தின் கண்ணில் சேர்ப்பிக்கப்பட்ட சம்மனே. "நான் பார்க்கவில்லை" என்பது நடுவரிடம் சொல்லக்கூடிய ஒரு விளக்கம்தான். அதனால் வாரண்ட் பிறக்காமல் நின்றுவிடாது.

வாய்தா நாளில் பெயரைக் கூப்பிடும்போது ஆளும் இல்லை, வக்கீலும் இல்லை, மனுவும் இல்லை என்றால் நடுவர் வாரண்ட் பிறப்பிக்கலாம். முன்பே ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் வராவிட்டால் விஷயம் இன்னும் கடுமையாகும். பத்திரத்தில் கண்ட தொகையை அவரிடமும் ஜாமீன்தாரரிடமும் வசூலிக்க நடவடிக்கை எடுக்கலாம். தக்க காரணமின்றி வராமல் இருந்தது பாரதிய நியாய சன்ஹிதாவின் 269-ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றமாகவும் ஆகலாம். இதற்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. நம்பிக் கையெழுத்துப் போட்ட பக்கத்து வயல்காரரையும் சேர்த்து இழுத்துவிடுவது இந்தத் தவறுதான்.

இரண்டு வகை வாரண்ட்

வாரண்ட் என்றவுடன் சிறை என்று அஞ்ச வேண்டியதில்லை. இதில் இரண்டு வகை உண்டு.

முதலாவது, ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட். எத்தனை ஜாமீன்தாரர், எவ்வளவு தொகைக்குப் பத்திரம், எந்தத் தேதியில் ஆஜராக வேண்டும் என்பவை வாரண்டிலேயே எழுதப்பட்டிருக்கும். அதன்படி பத்திரம் எழுதிக் கொடுத்தால் போலீஸ் அதிகாரியே விட்டுவிடுவார். குறித்த தேதியில் கோர்ட்டுக்குப் போனால் போதும்.

இரண்டாவது, ஜாமீனில் விட முடியாத வாரண்ட். கோர்ட்டு வளாகத்தில் இதை "என்.பி.டபிள்யூ." என்பார்கள். இதில் போலீஸார் தாமாக விட முடியாது. கைது செய்து நடுவர்முன் நிறுத்தியே ஆக வேண்டும்.

இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் 2007-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வரிசை சொல்லியிருக்கிறது. முதலில் சம்மன், அது பயன்படாதபோது ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், அதற்கும் வராமல் வேண்டுமென்றே தட்டிக்கழிக்கிறார் என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே ஜாமீனில் விட முடியாத வாரண்ட் என்பதே பொதுவான முறை. ஆகவே இரண்டாம் வகை வாரண்ட் ஒருவர்மேல் இருக்கிறதென்றால், பெரும்பாலும் அதற்கு முன்பே ஓரிரு காகிதங்கள் வந்து தவறிப் போயிருக்கும்.

வாரண்டுக்குக் காலாவதி கிடையாது

"மூன்று வருஷம் ஆகிவிட்டது, இனி என்ன வரப்போகிறது?" என்று நினைப்பது பெரும் தவறு. புதிய சட்டத்தின் 72-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பிறப்பித்த நீதிமன்றம் ரத்துச் செய்யும் வரையிலோ, நிறைவேற்றப்படும் வரையிலோ வாரண்ட் நடப்பிலேயே இருக்கும். விதைக்குக் காலாவதித் தேதி உண்டு, பூச்சிமருந்துக்கும் உண்டு. வாரண்டுக்கு இல்லை. அது கோரைக்கிழங்கைப் போன்றது. மேலே காணாமல் போனாலும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். தேர்தல் வரும்போதும், நிலுவை வாரண்டுகளை முடிக்கப் போலீஸார் கணக்கெடுக்கும்போதும் மேலே வரும்.

நிலுவை வாரண்டினால் வேறு இடையூறுகளும் உண்டு. 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி, நீதிமன்றச் சம்மனோ வாரண்டோ நிலுவையில் உள்ளவருக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். வெளிநாட்டு வேலைக்குப் போக இருக்கும் இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தலைமறைவாகிவிட்டார் என்று நீதிமன்றம் கருதினால், 30 நாளுக்குக் குறையாத கெடு வைத்துப் பிரகடனம் வெளியிடலாம். அது ஊரில் எல்லோரும் அறியும் இடத்தில் வாசிக்கப்படும். வீட்டிலும் ஒட்டப்படும். அதன்பின் சொத்தை ஜப்தி செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. சாதாரணச் சாலை வழக்கில் இந்த நிலை அபூர்வமே. எனினும் விபத்து வழக்கில் ஒளிந்து திரிபவர்கள் இதை எதிர்பார்க்க வேண்டியதுதான்.

ஒரு கணக்கு

இரண்டு ஏக்கர் நெல் சாகுபடி செய்யும் ஒரு சிறு விவசாயி, லைசென்சும் இன்சூரன்சும் இல்லாமல் மொபெட் ஓட்டி வழக்கில் சிக்கினார் என்று வைத்துக்கொள்வோம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் நிர்ணயித்த அபராதம் லைசென்ஸ் இல்லாததற்கு 5,000 ரூபாய், இன்சூரன்ஸ் இல்லாததற்கு முதல் தடவையில் 2,000 ரூபாய். இரண்டு குற்றத்திற்கும் 3 மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

அவர் முதல் வாய்தாவிலேயே போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நடுவர் அபராதத்தோடு விட்டால், செலவு 7,000 ரூபாயும் ஒரு நாள் வேலையும்தான். 7,000 ரூபாய் சிறு விவசாயிக்குச் சின்னத் தொகை அல்ல. அதற்கு அஞ்சியே பலர் போகாமல் இருக்கின்றனர். ஆனால் போகாததால் அந்த 7,000 குறைவதில்லை. அதன்மேல் வக்கீல் கட்டணம், ஜாமீன்தாரர்கள் வந்துபோகும் செலவு, இரண்டு மூன்று நாள் வேலை இழப்பு ஆகியவை ஏறுகின்றன. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கும் அன்று காலையில் போலீஸார் வந்து நின்றால் ஆகும் நஷ்டத்திற்குக் கணக்கே இல்லை.

முதல் வேலை: வழக்கு எண்ணைக் கண்டுபிடித்தல்

எண் தெரியாமல் கோர்ட்டுக்குப் போவது, சர்வே எண் தெரியாமல் பட்டா கேட்கப் போவது போன்றது. பழைய சம்மன், போலீஸார் தந்த காகிதம், சலான் எதுவானாலும் தேடி எடுக்க வேண்டும். எதுவும் இல்லையெனில், வழக்குப் போட்ட காவல் நிலையம், சம்பவம் நடந்த தேதி, வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு ஒரு வக்கீல் மூலம் நீதிமன்ற அலுவலகத்தில் விசாரிக்கலாம். "ஈ-கோர்ட்ஸ்" என்னும் அரசு செயலியில் பெயரைக் கொண்டும் வழக்கு எண்ணைக் கொண்டும் இலவசமாகத் தேடலாம். படித்த பிள்ளைகள் வீட்டிலிருந்தால் சில நிமிட வேலை. அங்கு கிடைக்கும் சி.என்.ஆர். எண்ணையும் அடுத்த வாய்தா தேதியையும் குறித்து வைக்க வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பாராமலும், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டும் இலவச வக்கீல் உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் பேசியும் கேட்கலாம்.

நீதிமன்றத்தில் செய்ய வேண்டியவை

1. வாரண்ட் நிலுவையில் உள்ளது என்று தெரிந்தவுடன், அடுத்த வாய்தா வரை காத்திராமல் போக வேண்டும். வாரத்தின் முற்பகுதியில், காலை 10 மணிக்கே கோர்ட்டில் இருப்பது நல்லது. வெள்ளிக்கிழமை மாலையில் போவது, மாலையில் மோட்டார் பழுதென்று மெக்கானிக்கைத் தேடுவது போல வீண் அலைச்சலாகும்.

2. வாரண்டைத் திரும்பப் பெறக் கோரி வக்கீல் மூலம் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். பழைய சட்டப் பிரிவை வைத்து இதை "70(2) மனு" என்று சொல்லும் பழக்கம் உண்டு. இப்போது அது 72(2). மனு வக்கீல் போட்டாலும், ஜாமீனில் விட முடியாத வாரண்டாக இருந்தால் பெரும்பாலும் ஆள் நேரில் நிற்க வேண்டும்.

3. வராமல் போனதற்கான உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு, இறப்புச் சான்று, வீடு மாறியதற்கான அத்தாட்சி இருந்தால் கொண்டுபோக வேண்டும். நடவு இருந்தது என்பது உண்மையானால் அதையும் மறைக்காமல் சொல்லலாம். பொய்ச் சான்று வாங்குவது சிறு வழக்கைப் பெரு வழக்காக்கும்.

4. புதிதாக ஜாமீன் கேட்கப்படலாம். ஆகவே இரண்டு ஜாமீன்தாரர்களை ஆதார் அட்டை, வீட்டு வரி ரசீது, சிட்டா போன்ற சான்றுகளுடன் அன்றே தயாராக அழைத்துப் போவது நல்லது. எந்தச் சான்று தேவை என்பதை வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

5. மனுவை ஏற்கும் நடுவர், வாரண்டை ரத்துச் செய்யலாம். செலவுத் தொகை கட்டச் சொல்லலாம். பலமுறை தவறியவரைக் காவலில் வைக்க உத்தரவிடவும் கூடும். அப்படி ஆனால் அன்றே ஜாமீன் மனுப் போட வக்கீல் தயாராக இருக்க வேண்டும். கோர்ட்டுக்குக் கிளம்பும்போதே, மாலையில் பால் கறக்கவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் வயலுக்கு மோட்டார் போடவும் ஓர் ஆளுக்குச் சொல்லிவிட்டுப் போவது புத்திசாலித்தனம்.

6. வாரண்ட் ரத்தானதும் வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. குற்றத்தை ஒப்புக்கொள்வதா, வழக்கை நடத்துவதா என்பதை வக்கீலுடன் பேசி முடிவு செய்ய வேண்டும். காகிதங்கள் எல்லாம் சம்பவத்தன்று சரியாக இருந்தன என்றால் வழக்கை நடத்துவதே முறை. அபராதம் கட்டினால் ரசீதைக் கட்டாயம் வாங்க வேண்டும்.

7. வாரண்டைத் திரும்பப் பெற்ற உத்தரவு காவல் நிலையத்திற்குப் போய்ச் சேர நாளாகலாம். அதன் நகலை வாங்கி ஒன்றை நிலையத்தில் கொடுத்து, ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பலர் விட்டுவிடும் வேலை இதுவே. நிலையத்துப் பதிவேட்டில் வாரண்ட் அடிபடாமல் இருந்தால், தீர்ந்த வழக்குக்கும் போலீஸார் மறுபடி வருவார்கள்.

போலீஸார் வீட்டுக்கே வந்துவிட்டால்

ஓடவோ தகராறு செய்யவோ கூடாது. அது வேறு வழக்கில் கொண்டுபோய் விடும். வாரண்டின் விவரத்தைச் சொல்லும்படியும் காட்டும்படியும் கேட்கும் உரிமை 77-ஆம் பிரிவில் உண்டு. எந்த நீதிமன்றம், எந்த வழக்கு, எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஜாமீனில் விடக்கூடியதானால் அங்கேயே பத்திரம் எழுதிக் கொடுக்க முன்வரலாம். கைது செய்தால், எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டியது போலீஸாரின் கடமை. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்தியாக வேண்டும். விடுமுறை நாளானாலும் இதில் மாற்றமில்லை.

காய்கறி, வாழைத்தார் ஏற்றிக் கொண்டு வெளி மாவட்டத்திற்கும் கேரளத்திற்கும் போய்வருவோர்மீது அங்கேயும் வழக்கு இருக்கலாம். அந்த நீதிமன்றத்தின் வாரண்டைத் தமிழ்நாட்டிலும் நிறைவேற்றலாம். அப்போது வாரண்ட் பிறப்பித்த நீதிமன்றம் 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், பொதுவாகக் கைதான இடத்திலுள்ள நடுவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றமானால் அங்கேயே ஜாமீன் கேட்கலாம்.

ஏமாறக் கூடாத இடங்கள்

போலீஸ்காரரிடமோ இடைத்தரகரிடமோ கொடுக்கும் பணத்தால் வாரண்ட் ரத்தாகாது. ரத்துச் செய்யும் அதிகாரம் நீதிமன்றத்திற்கே உண்டு. கொடுத்த பணமும் போய், வாரண்டும் அப்படியே கிடக்கும்.

"உங்கள்மேல் வாரண்ட் இருக்கிறது, உடனே பணம் அனுப்பு" என்று செல்போனில் மிரட்டுவோரும், சலான் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் செயலியை அனுப்புவோரும் மோசடிக்காரர்கள். சம்மனை மின்னணு வழியில் அனுப்பப் புதிய சட்டம் இடம் தருகிறது. ஆனால் எந்த நீதிமன்றமும் போனில் பணம் கேட்காது. சந்தேகம் வந்தால் வழக்கு எண்ணைக் கேட்டு, கோர்ட்டில் நேரில் சரிபார்க்க வேண்டும். பணம் பறிகொடுத்தவர் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

வருமுன் காக்க

விதைத்த தேதி, உரமிட்ட தேதி எழுதும் நோட்டிலேயே வாய்தா தேதியையும் எழுதி வைக்க வேண்டும். வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயருக்குத்தான் பெரும்பாலும் நோட்டீஸ் வரும். ஆகவே வீடு மாறினால் ஆர்.சி. புத்தகத்தில் முகவரியையும் செல்போன் எண்ணையும் மாற்றிக்கொள்ள வேண்டும். கோர்ட்டுக் காகிதம் எதுவானாலும் அன்றே தெரிவிக்கும்படி வீட்டிலுள்ளோரிடம் சொல்லி வைக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தனுப்பக் கூடாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதற்குப் பெற்றோரோ உரிமையாளரோ பொறுப்பாவார். 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் அதில் உண்டு.

வாய்தா நாளன்று உண்மையாகவே போக முடியாவிட்டால், முன்கூட்டியே வக்கீலிடம் சொல்லி, அன்றைக்கு மட்டும் ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு மனுப் போடச் சொல்லலாம். கோர்ட்டு வழக்கில் "317 மனு" என்று சொல்லப்படுவது இதுவே. புதிய சட்டத்தில் இது 355-ஆம் பிரிவு. நடவு நாளும் வாய்தா நாளும் ஒன்றாக வரும்போது விவசாயிக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல் இதுதான்.

புகையான் விழுந்த வயலில் தூரை விலக்கிப் பார்த்தவர் பயிரைக் காப்பாற்றுகிறார். பார்க்காமல் வரப்பிலேயே நின்றவர், வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்த பிறகுதான் அறிகிறார். வாரண்டும் இப்படித்தான். தானாகப் போய் நடுவர்முன் நிற்கும் விவசாயிக்குச் சொல்ல ஒரு காரணமும் கேட்க ஒரு சலுகையும் மிஞ்சும். பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தப்பட்டவருக்கு அவை இரண்டும் குறைவு. ஆகவே பழைய சம்மன் எதுவும் வீட்டில் கிடந்தால், அடுத்த பட்டத்திற்கு விதை வாங்கக் கிளம்புவதற்கு முன் அதை எடுத்துப் பார்த்துவிடுவது நலம்.